நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று அணைந்தால் மூன்று சர்வரும் ஏன் ரீஸ்டார்ட் ஆகின்றன?

போடிமெட்டில் பருவமழை பிடித்துக்கொண்டால் கீழே போடியில் கரண்ட் போய்ப் போய் வரும். ஏலக்காய்க் கடையின் கணக்கும் பில்லும் ஓடுகிற சர்வர்களுக்கு யுபிஎஸ் இருக்கும். மூலையில் கிடக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் நேரடி பிளக்கில். ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்களை) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் மூன்று சர்வர்களைக் கிளஸ்டராக, அதாவது ஒரே குழுவாக்கி, ஒன்று விழுந்தால் அதன் மெஷினை இன்னொன்று தானே எடுத்து ஓட்டும் ஹெச்ஏ வசதியைப் போட்டவர்களுக்கு அந்தச் சுவிட்ச்தான் எமன்.

ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், அது செத்துவிட்டதா, கேபிள்தான் அறுந்ததா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. கேபிள்தான் போயிருந்து, அதன் விர்ச்சுவல் மெஷினை இன்னொரு சர்வரும் கிளப்பிவிட்டால், பொது டிஸ்க்கில் இரண்டு பேர் எழுதுவார்கள், டேட்டாபேஸ் நாசம். அதனால்தான் ஓட்டுக் கணக்கு: மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால்தான் வேலை நடக்கும். தனித்துப்போன சர்வரில் ஹெச்ஏ மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், 60 விநாடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அந்தச் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடும். பிறகுதான் மற்றவை அந்த மெஷினை எடுத்துப் புதிதாக பூட் செய்யும். மொத்தம் ஏறக்குறைய 2 நிமிடம்.

ஒரே சுவிட்ச் அணைந்தால் மூன்றுமே தனிமைப்படும். அது மறுபடி எழ ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், யுபிஎஸ்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றும் சேர்ந்து விழும்.

இரண்டு சுவிட்ச் வையுங்கள், இரண்டும் யுபிஎஸ்ஸில். கிளஸ்டர் உருவாக்கும்போதே சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கோரோசிங்க் மென்பொருளுக்கு லிங்க் 0, லிங்க் 1 என இரண்டு தனி நெட்வொர்க் கொடுங்கள். ஜிகாபிட் தாராளம், வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம், 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பேக்கப்பை அதே ஒயரில் விட்டால் நள்ளிரவில் தாமதம் ஏறும். மலைக்கு அந்தப்பக்கம் பூப்பாறை எஸ்டேட்டில் ஒரு சர்வரை வைத்து பிராட்பேண்டில் இணைக்கும் ஆசையும் இதனால்தான் பலிக்காது. ஆனால் போடியில் இரண்டே சர்வர் இருந்தால், மூன்றாவது ஓட்டை மட்டும் போடும் க்யூடிவைஸ் என்ற சேவையை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் பூப்பாறையில் வைக்கலாம். அதற்குத் தாமதம் பெரிதல்ல.

மெமரியிலும் கை அடக்கம் வேண்டும். 64 ஜிபி சர்வர் மூன்று என்றால், ஒவ்வொன்றிலும் 38 ஜிபிக்கு மேல் மெஷின்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் சுமக்க வேண்டுமே. பொது ஸ்டோரேஜ் இல்லாமல், டிஸ்க்கை அவ்வப்போது மற்ற சர்வருக்கு நகலெடுக்கும் இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷனை நம்பினால், வழக்கமான 15 நிமிட இடைவெளியில் கடைசியாகப் போட்ட பில்கள் போய்விடும். மெஷினின் விர்ச்சுவல் சிடி டிரைவில் மறந்துபோய் விட்ட, ஒரு சர்வரில் மட்டுமே இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலும் (இன்ஸ்டால் சிடியின் நகல்) வேறு சர்வரில் மெஷினை எழவிடாது.

சோதிக்கும்போது ஷட்டவுன் கொடுக்காதீர்கள், அது மரியாதையான விடைபெறல். இரண்டு கோரோசிங்க் கேபிளையும் உருவுங்கள். ஒரு நிமிடம் கழிந்தும் அந்தச் சர்வர் விழவில்லை என்றால், அதில் ஹெச்ஏ மெஷின் ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.