லீவு முடிஞ்சு திரும்பி வர்ற முதல் வாரம்

கத்தார் சனையாவுல, அதாவது தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல, தொழிலாளிங்க தங்குற ஒரு கேம்ப் கிளினிக்ல நர்ஸா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. இங்க எல்லாரும் பிரதர்னுதான் கூப்பிடுவாங்க. ஜூலை, ஆகஸ்ட் வந்துட்டா எங்க கட்டில்ல யார் வந்து படுப்பாங்கன்னு எனக்கு ஓரளவு முன்னாடியே தெரியும், ஒண்ணு புதுசா வந்தவங்க, இல்ல ஊர்ல ரெண்டு மாசம் இருந்துட்டுத் திரும்பினவங்க. புது ஆளுக்காவது ஒரு பயம் இருக்கும். லீவு முடிஞ்சு வர்ற ஆளுக்கு அதுவும் இருக்காது, "எட்டு வருஷமா இந்த வெயில்ல நிக்கிறேன் பிரதர், எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னுவாங்க.

ஆனா உடம்பு அப்படிக் கணக்கு வச்சுக்கறதில்லங்க. வெயிலுக்குப் பழகின உடம்புல வேர்வை சீக்கிரமே வரும், அதுல உப்பு கம்மியா போகும், நெஞ்சு படபடப்பு அவ்வளவா ஏறாது. இந்தப் பழக்கம் வர ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும், வெயில்ல வேலை செய்யாம ஒரு வாரம் இருந்தாலே குறைய ஆரம்பிச்சுடும், ஒரு மாசத்துல அநேகமா போயிடும். ஊர்லயும்தான வெயில்னு கேப்பீங்க. கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலைன்னு பைக்ல சுத்துற வெயிலும் சேஃப்டி பெல்ட் மாட்டிக்கிட்டு சாரத்து மேல பைப் தூக்குற வெயிலும் ஒண்ணு இல்ல.

போன ஆகஸ்ட்ல ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருத்தர், தங்கச்சி கல்யாணம் முடிச்சுட்டு வந்து மூணாவது நாளே ரெண்டு கெண்டைக்காலையும் பிடிச்சுக்கிட்டு வந்தார். யூரின் புடிச்சுக் குடுப்பான்னு கப்பைக் குடுத்தா பால் ஊத்தாத கட்டன் சாயா மாதிரி இருக்கு. எவ்வளவு தண்ணி குடிச்சன்னு கேட்டேன், காலைல இருந்து ஒரே ஒரு பாட்டில், ஏன்னா டாய்லெட் கீழ இருக்கு, பெல்ட் கொக்கியைக் கழட்டி ஆறு மாடி இறங்கி ஏறுனா போர்மேன் சத்தம் போடுவார்னு குடிக்கவே இல்லையாம். சட்டைப் பையில ஊர் மெடிக்கல்ல வாங்கின டைக்ளோஃபெனாக் அட்டை, இடுப்பு வலிக்குன்னு நாளைக்கு மூணு போட்டிருக்கார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் கிரியேட்டினின் 240 (மைக்ரோமோல் கணக்குல). இங்க லேப்ல சுமார் 110க்குள்ள இருந்தா நார்மல். அஞ்சு நாள் டிரிப்ஸ் ஏத்தி, நல்லவேளை, கிட்னி மீண்டுடுச்சு.

அந்த மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. உடம்புல தண்ணி குறைஞ்சா கிட்னிக்குப் போற ரத்தமும் குறையும், அப்போ கிட்னி தன்னோட ரத்தக்குழாயை விரிச்சு வச்சு எப்படியோ சமாளிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைங்க அந்த விரியுற வேலையைத்தான் தடுக்குது. ஏசி ரூம்ல ஒண்ணு போட்டா ஒண்ணும் தெரியாம போகலாம், ஆனா தண்ணி இல்லாம வெயில்ல நிக்கிற ஆள் போட்டா கிட்னி மேலயே கை வைக்குது. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் ஆபத்து, அவங்க டாக்டர்கிட்ட கேக்காம எந்த வலி மாத்திரையும் தொடவே கூடாது.

இங்க 2021ல இருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10 மணில இருந்து 3.30 வரை வெளி வேலை கூடாதுன்னு சட்டம் இருக்கு. அது மட்டும் இல்ல, வெயில், காத்து, ஈரப்பதம் எல்லாம் சேத்து அளக்குற மீட்டர்ல (WBGTன்னு சொல்வாங்க) 32.1 டிகிரி தாண்டினா எந்த நேரமா இருந்தாலும் வேலையை நிறுத்தணும். இது நம்மாளுங்க பலபேருக்குத் தெரியல. ஆகஸ்ட் கடைசில ஈரப்பதம் ஏறுனா வேர்வை காயாது, வேர்வை காயலன்னா உடம்பு குளிராது, அதனால காலை 7 மணி ஷிஃப்ட்லயும் ஆள் விழுவாங்க.

லீவு முடிஞ்சு வந்தா முதல் நாள் பாதி வேலை, ரெண்டாம் நாள் 60 சதவீதம், மூணாம் நாள் 80, நாலாம் நாள்தான் முழு வேலை. புது ஆளா இருந்தா முதல் நாள் 20 சதவீதம்தான், அப்புறம் தினம் 20 ஏத்தணும். சேஃப்டி ஆபீசர்கிட்ட இதை வாய்விட்டுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. ஓஆர்எஸ் பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு ஒரு லிட்டருக்குன்னா ஒரு லிட்டர்லதான் கலக்கணும், அரை லிட்டர் பாட்டில்ல முழுசா கொட்டிக் குடிக்கிறதை நான் தினம் பாக்குறேன், அது தப்பு.

கூட வேலை செய்யுறவர் சம்பந்தமில்லாம உளறுனாலோ, நடை தள்ளாடுனாலோ தூக்கம் பத்தலன்னு விட்டுடாதீங்க. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழட்டி, இருக்கிற தண்ணியெல்லாம் மேல ஊத்தி விசிறிவிடுங்க, 999க்கு போன் போடுங்க. மயக்கத்துல இருக்கறவர் வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.

அந்தத் தம்பி இந்த வருஷமும் ஊருக்குப் போறார். பெட்டி கட்டும்போது ஊறுகாய் பாட்டில் பக்கத்துல வலி மாத்திரை அட்டையைச் செருகுறது அவங்க அம்மாதானாம், "நீங்களே சொல்லுங்க பிரதர்"ன்னு போனைக் குடுத்தார். வேண்டாம்மா, தம்பிக்கு வலின்னா முதல்ல எங்ககிட்ட வரட்டும்னு சொல்லியிருக்கேன்.