எந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டில்: ஆய்வக ரசாயனங்களைப் பிரித்து வைக்கும் விதியும் உங்கள் உரிமையும்

ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு, தான் கையாளும் ரசாயனம் என்ன, அதனால் என்ன ஆபத்து, என்ன முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 170-ஆவது உடன்படிக்கை 1990-இலேயே இதை எழுதிவைத்துவிட்டது. ரசாயனங்களுக்கு லேபிள் இருக்க வேண்டும், ஆபத்தான ரசாயனத்துக்கு அதன் ஆபத்தையும் கையாளும் முறையையும் விவரிக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும், வேறு பாட்டிலுக்கு மாற்றினால் உள்ளே இருப்பது என்னவென்று அந்தப் பாட்டிலிலும் தெரிய வேண்டும் என்கிறது அது. உறுதிசெய்த நாடுகளை அந்த உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்தும். உறுதிசெய்யாத நாடுகள் பலவற்றின் சொந்தச் சட்டங்களும் லேபிளையும் தரவுத் தாளையும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

அந்த லேபிளும் தாளும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை ஒரு பொதுமுறை வகுத்தது. ஜிஎச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதல் பதிப்பு 2003-இல் வந்தது. சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம் இருக்குமே, அது இந்த முறையில் வந்ததுதான். மொத்தம் 9 படங்கள். தரவுத் தாளில் 16 பிரிவுகள், இந்த முறையைப் பின்பற்றும் நாடுகளில் ஒரே வரிசையில்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லேபிளில் உள்ள படம் அந்தப் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசும். அதன் பக்கத்தில் எது நிற்கக் கூடாது என்பதை அது சொல்லாது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் அரிக்கும் பொருளுக்கான அதே படம்தான். படம் பொருந்துகிறதே என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், அமிலத்தையும் காரத்தையும் சேர்த்து வைத்ததாகிவிடும். யார் யாரோடு சேரக் கூடாது என்பது தரவுத் தாளின் 7-ஆவது பிரிவிலும் 10-ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஏழாவது, கையாளுவதும் சேமிப்பதும். பத்தாவது, நிலைத்தன்மையும் வினைபுரியும் தன்மையும். புது ரசாயனம் வந்தால் அலமாரியில் ஏற்றும் முன் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள். மீதி 14 பிரிவுகளை அப்புறம் படிக்கலாம்.

பெயர் வரிசைப்படி அடுக்குவது தேடுவதற்கு வசதி. ஆனால் ஆங்கில அகரவரிசையில் ஹைட்ரசீனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 163 ராக்கெட் விமானத்தின் எஞ்சின் ஓடியதே இந்த ஜோடியால்தான். ஹைட்ரசீன் ஹைட்ரேட் கலந்த எரிபொருளும் அடர் பெராக்சைடும் சந்தித்ததும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் குடும்பவாரியாகப் பிரியுங்கள், அந்தந்தக் குடும்பத்துக்குள் வேண்டுமானால் அகரவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் பிரிப்பதில் அதிகக் குழப்பம் அமிலங்களில்தான். "ஆசிட் அலமாரி" என்று எழுதி ஒட்டியதோடு வேலை முடிந்தது என நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பனி அசிட்டிக் அமிலம், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம், எரியும் திரவம். சுமார் 39 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றும். அடர் நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி, தீக்குத் தீனி போடுவது. லேபிளில் ஒன்றுக்குத் தீச்சுவாலை, மற்றதுக்கு வட்டத்தின் மேல் தீச்சுவாலை. படத்தில் ஒரு வட்டம்தான் வித்தியாசம், அலமாரியிலோ இவை சேரவே கூடாது. அசிட்டிக் போன்ற கரிம அமிலங்கள் ஒரு பக்கம், ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் போன்ற கனிம அமிலங்கள் வேறு பக்கம், நைட்ரிக் அமிலம் தனக்கென ஒரு தட்டில். சல்ஃபூரிக் அமிலத்தைப் பொட்டாசியம் பர்மாங்கனேட், குளோரேட் உப்புகள் இவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள். சேர்ந்தால் வெடிக்கக்கூடிய சேர்மங்கள் பிறக்கும்.

பெர்குளோரிக் அமிலத்துக்குத் தனி இடம் கட்டாயம். மரத் தட்டில் சொட்டி உலர்ந்தால் அந்த மரமே வெடிபொருள்போல் நடந்துகொள்ளும். கண்ணாடி அல்லது பீங்கான் தட்டில், வேறு எதுவும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். 1947-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு முலாம் பூசும் கூடத்தில் பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்த தொட்டி வெடித்து 17 பேர் இறந்தார்கள். அது சேமிப்பில் நடந்த விபத்தல்ல, வேண்டுமென்றே கலந்த கலவை. ஆனாலும் இந்த இரண்டு பாட்டில்களும் ஒரே அலமாரியில் ஏன் இருக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு விடும் பொருள்களை அமிலம் இருக்கும் அலமாரிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சயனைடு உப்பு ஹைட்ரஜன் சயனைடையும், சல்ஃபைடு உப்பு ஹைட்ரஜன் சல்ஃபைடையும், சோடியம் ஹைப்போகுளோரைட் குளோரினையும் வெளிவிடும். ஹைப்போகுளோரைட்டுக்கு அம்மோனியாவும் ஆகாது, குளோரமைன்கள் உண்டாகும். சோடியம் அசைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையும் வெடிக்கும் தன்மையும் உள்ள ஹைட்ரசோயிக் அமிலம் வரும். சோடியம் அசைடு தாமிர, ஈயக் குழாய்களில் போனாலோ வெடிக்கும் உலோக அசைடு படியும், அதனால் அதைக் கழுவும் தொட்டியில் கொட்டவே கூடாது.

தவறு நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. பாட்டில்களின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருந்தால், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் அம்மோனியா ஆவியும் சந்தித்து அம்மோனியம் குளோரைடாகப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். துடைத்துவிட்டுப் போகாமல் இரண்டையும் பிரியுங்கள்.

சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களைக் கனிம எண்ணெய்க்குள் மூழ்கவைத்து, தண்ணீர்க் குழாயிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். வெள்ளைப் பாஸ்பரஸுக்கு நேரெதிர்; அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், காற்றுப் பட்டால் தானாக எரியும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியைக் கரைத்துவிடும் என்பதால் அதற்கு பாலிஎத்திலீன் பாட்டில்.

டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃப்யூரான் போன்ற கரைப்பான்கள் பாட்டிலுக்குள் சும்மா இருக்கும்போதே காற்றோடு வினைபுரிந்து, வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும். இவற்றுக்குப் பக்கத்தில் வேறு ரசாயனமே தேவையில்லை, காலமே போதும். வந்த தேதியையும் திறந்த தேதியையும் பாட்டிலில் எழுதுங்கள். பழைய ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் அதைத் திறக்கவோ நகர்த்தவோ கூடாது, மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். பொறுப்பாளரிடம் சொல்லி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வரவழைக்க வேண்டும்.

பிரித்து வைப்பதென்றால் தனி அறை கேட்பதாக அர்த்தமில்லை. தனி அலமாரி இருந்தால் நல்லது. இடம் குறைவென்றால், ஒவ்வொரு குடும்பத்தையும் அந்த ரசாயனம் தாங்கும் தனித்தனிப் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள், அதில் உள்ள பெரிய பாட்டில் முழுதும் உடைந்து கொட்டினாலும் பிடித்துக்கொள்ளும் ஆழத்தோடு. வழக்கமான கணக்கு, அந்தப் பாட்டிலின் கொள்ளளவில் 110 சதவீதம். திரவ அமிலங்களைக் கண் மட்டத்துக்கு மேலே வைக்கக் கூடாது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டைக் கிடங்காக்கினால் காற்றோட்டம் அடைபட்டு, அது செய்ய வேண்டிய வேலையையே செய்யாது. எரியும் கரைப்பானை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. டைஎத்தில் ஈதரின் ஆவி மைனஸ் 45 டிகிரியிலும் தீப்பற்றும், உள்ளே இருக்கும் விளக்கு சுவிட்சின் பொறியே போதும். சிலிண்டர்களில், ஆக்சிஜனையும் எரிவாயுவையும் சேமிக்கும்போது சுமார் 6 மீட்டர் இடைவெளி அல்லது அரை மணி நேரம் தீயைத் தாங்கும் 1.5 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு விதி.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கழிவுப் பாட்டிலில் கோட்டைவிடுகிறார்கள். நைட்ரிக் அமிலக் கழிவில் ஆல்கஹாலோ அசிட்டோனோ சேர்ந்தால் வாயு உருவாகி அழுத்தம் ஏறும். உடனே தெரியாது, சில சமயம் பல மணி நேரம் கழித்துப் பாட்டில் சிதறும். அலமாரிக்கு உள்ள அதே பிரிவினை கழிவுக்கும் உண்டு. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத காலி பாட்டிலைக் கழிவுக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் என்ன ஊற்றினீர்கள் என்று லேபிளில் எழுதுங்கள்.

சரி, தரவுத் தாளே இல்லை என்றால்? லேபிள் இல்லாத ரசாயனமோ தரவுத் தாள் வராத ரசாயனமோ வந்தால், விவரத்தைப் பெறும் பொறுப்பு முதலாளிக்கு. பெறும் வரை அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 170-ஆவது உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு. எழுத்தில் கேளுங்கள். உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அங்கிருந்து விலகிக்கொள்ள 18-ஆவது பிரிவு உரிமை தருகிறது. விலகியதும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், விலகியதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. உடன்படிக்கை தொழிலாளர்களுக்கானது, மாணவர்களைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆனால் பெரிய சப்ளையர்கள் தரவுத் தாளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் உள்ள தயாரிப்பு எண்ணைக் கொண்டு எந்த மாணவரும் தேடி எடுத்து, 7-ஆவது, 10-ஆவது பிரிவுகளை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடலாம்.