கல்லீரலில் நீர்க்கட்டியா? ஊசி குத்தும் முன் ஒரு வார்த்தை

"கல்லீரல்ல நீர்க்கட்டி இருக்காம் டாக்டர். ஊசி போட்டு நீரை எடுத்துட்டா போதும்னு சொல்றாங்க." ஸ்கேன் அறிக்கையோடு வரும் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். சாதாரண நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் அதைத் தொடவே வேண்டியதில்லை. நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டியாக இருந்தாலோ, முன்னேற்பாடு இல்லாமல் குத்துவது உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஹைடாடிட் கட்டிக்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்னும் அந்த நாடாப்புழு. சில மில்லிமீட்டர் நீளம்தான்; நாயின் குடலில் வாழும். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் மண், தண்ணீர், கழுவாத காய்கறி, நாயைத் தடவிய கை வழியாக நம் வாய்க்குள் போகின்றன. "ஆட்டுக்கறி தின்றதால் வந்ததா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கட்டியுள்ள ஈரலைத் தின்றால் புழு பிடிப்பது நாய்க்கு. நமக்கு வருவது அந்த நாய் வெளியேற்றும் முட்டையால். நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஏறத்தாழ 70 சதவீதக் கட்டிகள் கல்லீரலிலும் 20 சதவீதம் நுரையீரலிலும் வரும். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இருக்காது. வளர்ந்தபின் வலது விலாவுக்குக் கீழே பாரம், வலி, குமட்டல். பித்தக் குழாய்க்குள் உடைந்தால் மஞ்சள் காமாலை, காய்ச்சல். நுரையீரல் கட்டி உடைந்தவர்கள், இருமும்போது வாயில் உப்புநீர் வந்ததாகவும், திராட்சைத் தோல் போன்ற சவ்வு வந்ததாகவும் சொல்வார்கள். அதைக் கேட்ட உடனேயே எனக்கு இந்த நோய்தான் நினைவுக்கு வரும். வயிற்றுக்குள் உடைந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். சிதறிய புழுக்கருக்கள் புதிய கட்டிகளாகவும் முளைக்கும்.

அல்ட்ராசவுண்டில் கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளே அறைகள் இல்லாத, 5 சென்டிமீட்டருக்குக் குறைவான கல்லீரல் கட்டிக்கு அல்பெண்டசோல் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வழக்கமாக 400 மில்லிகிராம், தினம் இருவேளை, மாதக்கணக்கில். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் மருந்து நன்றாக உடலில் சேரும். இடையிடையே கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்த்தே ஆகவேண்டும். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமாக வாங்கி விழுங்கும் மருந்து அல்ல இது.

5 சென்டிமீட்டரைவிடப் பெரிய, உள்ளே அறைகள் இல்லாத கல்லீரல் கட்டிக்கு, மாத்திரையைத் தொடங்கிவிட்டு, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் நீரை உறிஞ்சி, கிருமியைக் கொல்லும் அடர் உப்புநீரைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறை உண்டு. ஒவ்வாமையைச் சமாளிக்க எல்லாம் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்யவேண்டும். நுரையீரல் கட்டிக்கு இது கூடாது. குட்டிக் கட்டிகள் நிறைந்தவை, மிகப் பெரியவை, பித்தக் குழாயோடு இணைந்தவை ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை. சுண்ணாம்பு படிந்து அடங்கிப்போன கட்டி தொந்தரவு தராவிட்டால், கண்காணித்தாலே போதும். "கட்டி இருக்கிறதே, வெட்டாமல் விடலாமா?" என்ற பதற்றம் புரிகிறது. ஆனாலும் அங்கே கத்திக்கு வேலையில்லை.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும், சில ஆண்டுகளுக்கு ஸ்கேனைத் தொடருங்கள். வரும்போது பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.