பிளாஸ்மா ஆண்டெனா: தமிழில் என்ன பெயர்?

சிறு செயற்கைக்கோளின் அயனி உந்துபொறியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் ‘பிளாஸ்மா ஆண்டெனா’ என்ற பெயர் வரும். மொட்டைமாடி ஆண்டெனா மாதிரி இது எந்தச் சிக்னலையும் வாங்காது. கண்ணாடி அல்லது பீங்கான் கலன் ஒன்றைச் சுற்றிக் கட்டிய செம்புச் சுருள்தான் இது. அதில் ரேடியோ அலைவெண்ணில், பல சோதனைக்கூடங்களில் 13.56 மெகாஹெர்ட்ஸில், மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் வாயு அயனியாகிப் பிளாஸ்மா ஆகிறது. அந்த அயனிகளை மின்னழுத்தத்தால் ஒரு பக்கம் வெளியே தள்ள, செயற்கைக்கோள் எதிர்ப்பக்கம் நகர்கிறது.

ஆண்டெனா லத்தீன் சொல். பாய்மரத்தில் பாய் கட்டும் குறுக்குக் கட்டையை, நம் கடலோடிகள் பருமல் என்பதை, அது குறித்தது. அப்புறம் பூச்சியின் உணர்கொம்புக்கும் ரேடியோவுக்கும் வந்தது. பிளாஸ்மா என்றால் கிரேக்கத்தில் வார்த்தெடுத்த பொருள். அயனியான வாயுவுக்கு 1928-இல் அப்பெயரை வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர்.

தமிழில் ஆண்டெனாவை ‘அலைவாங்கி’ என்கிறோம். டிவிக்குச் சரி, இங்கே பொருந்தாது. ‘அயனியாக்கச் சுருள்’ என்பதே என் பரிந்துரை. கோவைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்கு இந்தப் பெயரிலேயே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். ஏனென்றால் இதைக் கணக்கிட மாதிரி அமைக்கும்போது, எளிய முறையில், மின்மாற்றியாகவே கொள்கிறார்கள்: சுருள் முதன்மைப் பக்கம், பிளாஸ்மா ஒற்றைச் சுற்றுள்ள இரண்டாம் பக்கம். சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டாம் பக்கம் நிலையாக இருப்பதில்லை. பிளாஸ்மா பற்றுவதற்கு முன் சுருள் காணும் மின்தடை ஒன்று, பற்றியபின் வேறொன்று. அடர்த்தி கூடினால் அலை உள்ளே ஊடுருவும் ஆழமும் குறையும். மின்சாரம் தரும் மூலத்துக்கும் சுருளுக்கும் இடையில் உள்ள பொருத்தச் சுற்று இதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கொடுத்த திறன் திரும்பி வந்துவிடும். சூரியத்தகட்டிலிருந்து சில பத்து வாட் மட்டுமே கிடைக்கும் சிறு செயற்கைக்கோளுக்கு அந்த இழப்பு தாங்காது. மாதிரியை முதலில் கணினியில் ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்த உந்துபொறிகளில் வழக்கமாக அயனியாக்கும் செனான் வாயுவுக்குப் பதில் அயோடினும் வந்துவிட்டது. 2020-இல் ஏவிய ஒரு சிறு சீனச் செயற்கைக்கோளில் பிரெஞ்சு நிறுவனமான த்ரஸ்ட்மியின் அயோடின் உந்துபொறி இயங்கியது. அதிலும் அயனியாக்கியது ரேடியோ அலைவெண் சுருள்தான்.

உலோகக் கம்பிக்குப் பதிலாகக் குழாயில் அடைத்த பிளாஸ்மாவையே கொண்டு சிக்னல் அனுப்பும் கருவிக்கும் ‘பிளாஸ்மா ஆண்டெனா’ என்றே பெயர். அதைப் ‘பிளாஸ்மா அலைக்கம்பம்’ எனலாம்.