பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பி ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் சர்வீஸ் மேசைக்கு எரிந்த ட்வீட்டர்கள் (ஸ்பீக்கரில் கீச்சென்ற மேல் ஒலிகளைத் தரும் சின்ன யூனிட்) வர ஆரம்பிக்கும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை வந்த ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற பெரிய ஷோரூமில், பண்டிகைத் தள்ளுபடியில், மாதத் தவணை போட்டு வாங்கியது. முதல் தவணை கட்டுவதற்குள் இரண்டு பக்கமும் ட்வீட்டர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்பிச் சுருளான காயில் கரியாகி, சுற்று பிரிந்து தொங்குகிறது. எரிந்த காயிலுக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிட்டது. கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறது கடை.

வாங்கியவர் கேட்ட கேள்வி இது: "ஸ்பீக்கர் 200 வாட்ஸ் தாங்கும், ஆம்ப் வெறும் 50 வாட்ஸ்தானே சார், எப்படி எரியும்?"

எரியும். அதனால்தான் எரிந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்தான் ஆம்ப். 50 வாட்ஸ் ஆம்ப்பைக் கல்யாண வீட்டுச் சத்தத்துக்குத் திருகினால் கிளிப் ஆகும், அதாவது தன் சக்திக்கு மேல் போக முடியாமல் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். கிளிப் ஆனால் முதலில் போவது ட்வீட்டர். பெட்டியில் இருக்கும் 200 மொத்த ஸ்பீக்கருக்கான கணக்கு, அதில் பெரும்பங்கு கனமான பாஸ் ஒலியைத் தரும் ஊஃபருக்கு. ட்வீட்டர் தனியாகத் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான். ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும்: பாட்டு கரகரக்க ஆரம்பித்தால் அப்போதே வால்யூமைக் குறைக்க வேண்டும். 'பாட்டு முடியட்டும்' என்று விட்டால் செலவு உங்களுக்கு, வேலை எனக்கு.

இந்த வாட்ஸ் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. 100 வாட்ஸ் ஆம்ப்பை விட்டு 200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். அதைவிட முக்கியமான எண் ஒன்று அதே பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கிறது. சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தத்தை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸில் கொடுத்துவிடும். இதை ஷோரூமில் யாராவது உங்களிடம் சொன்னார்களா?

அப்புறம் இந்த பிஎம்பிஓ (PMPO), பெட்டியில் பெரிதாகப் போடும் உச்ச வாட்ஸ் கணக்கு. இதற்கு ஒரு பொதுவான அளவீட்டு முறையே கிடையாது, தயாரிப்பவர் மனசுதான் கணக்கு. முகப்பில் 1000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். மின்நுகர்வு 60 வாட்ஸ் என்று இருக்கும். 60 உள்ளே போய் 1000 எப்படி வெளியே வரும்? நொடிக்கும் குறைவான உச்சத்தை, உள்ளே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கபாசிட்டர் தாங்கிக் கொடுக்கும், மறுக்கவில்லை. லேபிள் எண்ணும் துல்லியமான கணக்கல்ல. ஆனால் புளுகைப் பிடிக்க அது போதும். அமெரிக்காவில் இந்த வாட்ஸ் புளுகை அடக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லேயே விதி போட்டது. எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு), எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்களும் அதையே கேளுங்கள். டிவியோடு சேர்த்துப் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் ஏவி ரிசீவர் என்றால், எத்தனை சேனல் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான வழி) ஒரே நேரத்தில் ஓடும்போது என்பதையும் கேளுங்கள்.

கடைப் பையன்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. போன மாதம் மிக்ஸி கவுண்டரில் நின்றவராக இருக்கும், இல்லாவிட்டால் மாத டார்கெட்டோடு கம்பெனி அனுப்பிய புரோமோட்டர். பக்கத்தில் நாற்பது டிவி ஓடுகிற ஹாலில் நல்ல ஸ்பீக்கரை அவர் எப்படித்தான் கேட்கவைப்பார்? பாஸை ஏற்றி, சத்தத்தைக் கூட்டித்தான். இரண்டு ஸ்பீக்கரில் எது கொஞ்சம் சத்தமாக ஓடுகிறதோ அதுதான் நல்லதென்று காது ஏமாறும். எங்கள் தொழிலில் இது பால பாடம். அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற சங்கிலிக் கடை 2000இல் மக்னோலியா என்ற ஆடியோ கடைகளை வாங்கி, பிறகு தன் கடைகளுக்குள்ளேயே அந்தப் பெயரில் தனிப் பகுதி ஒதுக்கியது. விலை கூடிய செட்டை டிவி வரிசைக்கு நடுவில் வைத்து விற்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. இங்கே லட்ச ரூபாய் ஸ்பீக்கர் ஏர் ஃபிரையருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஷோரூமில்தான் வாங்குவேன் என்றால், சரி, வாங்குங்கள். விலை அங்கே குறைவாக இருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பழக்கமான பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள், அவர்கள் போடும் சண்டைக் காட்சியில் மயங்காதீர்கள். ஞாயிறு மாலை போகாதீர்கள், கூட்டமில்லாத வார நாள் காலையில் போங்கள். டோன் கண்ட்ரோலை நடுவில் வைக்கச் சொல்லி, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஆம்ப்பின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது 6 ஓம் என்று இருந்தால் அந்த ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் ஜோடி சேர்க்க வேண்டாம். 'ஒண்ணும் ஆகாது சார்' என்பார்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

கிரானைட் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள நம் ஹாலில் எந்த ஸ்பீக்கரும் கத்தத்தான் செய்யும். கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டுவிட்டு அப்புறம் ஆம்ப்பை மாற்றலாமா என்று யோசியுங்கள். மூலையில் ஒட்டிவைத்த ஸ்பீக்கரை ஓரடி முன்னால் இழுத்தாலே குமுறல் பாதி அடங்கும். பாஸே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஒரு பக்க ஒயர் சிவப்பு கறுப்பு மாறியிருக்கிறது. வண்டி வைத்து ஸ்பீக்கரை இறக்குவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. ஆம்ப்பைக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிறவர்களிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ட்வீட்டர் ஏற்கெனவே போயிருந்தால், தெருமுனையில் கிடைக்கும் ஏதோ ஒரு காயிலை மாட்டாதீர்கள். ஸ்பீக்கரின் பின்பக்க மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து, அதே டயஃப்ரம் (காயிலோடு சேர்ந்து அதிரும் சவ்வு) கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கூடவே ஆம்ப்பையும் கொண்டுவாருங்கள். அதைப் பார்க்காமல் புது ட்வீட்டர் போட்டுக் கொடுத்தால், பொங்கலுக்கு முன்னால் திரும்ப வருவீர்கள்.