முட்டையை நிறுத்துவதற்கு முன்னால்

ஒன்பது மாதக் குழந்தை. கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, சொரசொரவென்று கரப்பான். அம்மாவின் கையில் இரண்டு பக்க ரத்தப் பரிசோதனை அறிக்கை. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை என்று வரிசையாக 'பாசிட்டிவ்'.

"எல்லாத்தையும் நிறுத்தி ஒரு மாசமாச்சு டாக்டர், அரிப்பு மட்டும் குறையலை."

அதற்கு முன்னால் முட்டை கொடுத்தபோது ஏதாவது ஆனதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலையே. வாரத்துக்கு மூணு நாள் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தான்."

அந்தப் பதில்தான் எனக்கு அறிக்கையைவிடப் பெரிய சாட்சி. அந்த அறிக்கை அளந்தது ஐஜிஇ என்ற, ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புரதத்தை. ஐஜிஇ பாசிட்டிவ் என்றால், உடல் அந்த உணவின் புரதத்தைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். சாப்பிட்டால் ஒவ்வாமை வந்தே தீரும் என்று பொருள் இல்லை. (ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தை அளக்கும் பரிசோதனை என்று இன்னொன்றும் விற்கிறார்கள். அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது உயர்ந்திருப்பது இயல்பு. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.)

சிலருக்கு ஏன் உணவு ஒவ்வாமை வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் ஏன் வருவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உணவுப் புரதமும் அந்நியப் பொருள்தானே? அதில் சிறு பங்கு முழுதாகச் செரிக்காமலே குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. 1911-இல் வெல்ஸ் என்ற ஆய்வாளர் கினிப் பன்றிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். முட்டைப் புரதத்தை ஒருமுறை ஊசியில் ஏற்றி, சில வாரம் கழித்து மறுபடி ஏற்றினால் அவை கடும் ஒவ்வாமையில் விழும். முன்பே அந்தப் புரதத்தைத் தின்று பழகியவையோ தப்பித்துக்கொண்டன. வாய் வழியாக வந்ததை உடல் ஏற்றுக்கொள்ளக் கற்றிருந்தது.

இந்தப் பாடம் நடப்பது குடலில். குடல் சுவருக்கு அடியில் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் உணவுப் புரதத்தில் கொஞ்சம் மாதிரி எடுத்து, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே எதையும் பார்த்திராத புது டி செல்களிடம் (எதிரியைத் தாக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) அதைக் காட்டுகின்றன. கூடவே, வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் போன்ற சமிக்ஞைகளும் சேரும்போது, சண்டைக்குப் போகவேண்டிய செல் ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாறுகிறது. அடுத்த முறை அதே புரதம் வரும்போது மற்றச் செல்களை அடக்கி வைப்பது இதன் வேலை. 2025 மருத்துவ நோபல் பரிசு இந்தச் செல்கள் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குத்தான். சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும். இவை உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கரப்பான், விடாத வயிற்றுப்போக்கு, சிறு வயதிலேயே நீரிழிவு, பலருக்கு உணவு ஒவ்வாமையும் வரும். அடக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சாட்சி.

சரி, கரப்பானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வெடித்த தோல் திறந்த கதவு மாதிரி. வீட்டுத் தூசியிலும் பெரியவர்களின் கையிலும் ஒட்டியிருக்கும் உணவுப் புரதம் அந்த வழியாக நுழைகிறது. காயப்பட்ட தோல் செல்கள் ஏற்கெனவே அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருப்பதால், உடல் அதை எதிரியாகவே பதிவு செய்கிறது. அதே உணவு வாய்க்குள் போகாமல் நிறுத்திவிட்டோம் என்றால், குடல் சொல்லவேண்டிய சமாதானம் சொல்லப்படாமலே போய்விடுகிறது.

மருத்துவர்களான நாங்களும் இதில் தவறியவர்கள்தான். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-இல் சொன்னது, 2008-இல் கைவிட்டது. அதே 2008-இல் வந்த ஒரு ஆய்வில், பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை, கைக்குழந்தைப் பருவத்திலேயே அதைச் சாப்பிடும் இஸ்ரேல் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பிறகு 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த லீப் ஆய்வு 2015-இல் வெளியானது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதக் குழந்தைகள். ஐந்து வயதில், நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கு அதற்கு ஒவ்வாமை. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்கு.

ஆகவே திட உணவு தொடங்கும்போதே, அதாவது ஆறு மாதத்தையொட்டி, நன்றாக வெந்த முட்டையும் கூழாக அரைத்த நிலக்கடலையும் தொடங்கலாம். முழுக் கடலை கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். தொடங்கியதை விடாமல் கொடுக்க வேண்டும். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு முதல் தடவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வாந்தியோ மூச்சுத் திணறலோ ஏற்கெனவே வந்திருந்தால், வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

இந்தக் குழந்தைக்கு முதலில் தோலைக் கவனித்தோம். களிம்பை ஒழுங்காகப் போட்டதில் இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்கியது. அப்புறம்தான் முட்டை. தாங்கிக்கொண்டிருந்த உணவைக்கூட நிறுத்திவிட்டுத் திரும்பத் தரும்போது சில குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை வருவதுண்டு. அதனால் என் கண்ணெதிரிலேயே துளியில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டினோம். கடைசி வாய்க்குப் பிறகு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். குழந்தை தூங்கிவிட்டான்.

அறிக்கையை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். ஃபைலிலேயே இருக்கட்டும், முட்டை மட்டும் பழையபடி வாரத்துக்கு மூன்று நாள் போகட்டும் என்றேன்.