உப்புத் தண்ணீரில் ஒரு முட்டை

விதைநெல்லைத் தரம் பிரிக்க நம் ஊர்களில் ஒரு முறை உண்டு. வாளியில் 10 லிட்டர் தண்ணீர் பிடித்து, புது முட்டை ஒன்றை அதில் விடுவார்கள். முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை கிலோ கரைந்ததும் முட்டை மெல்ல மேலே வரும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் பதம் சரி. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்ட வேண்டியதுதான். மூழ்குவது விதை, மிதப்பது கோழிக்கு.

ஒரு நெல்மணி சில பத்து மில்லிகிராம்தான். முட்டையோ 50 கிராமுக்கு மேல். ஆனாலும் அதே தண்ணீரில் முட்டை மிதக்கிறது, நெல் மூழ்குகிறது! மொத்த எடையை வைத்து இதைச் சொல்ல முடியாது. அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு எவ்வளவு எடை என்று பார்க்க வேண்டும். அதுதான் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம். அதே இடத்தில் புது முட்டை சுமார் 1.08 கிராம் வரும், அதனால் மூழ்குகிறது.

உப்பு போட்டதும் என்ன மாறியது? முட்டை அப்படியேதான் இருக்கிறது, மாறியது தண்ணீர். 1 கிலோ உப்பு கரைந்தால் வாளியில் எடை முழுதாக 1 கிலோ கூடும். தண்ணீர் மட்டமோ அரை லிட்டர் அளவுக்குக்கூட உயராது. இடம் அவ்வளவாகக் கூடாமல் எடை மட்டும் ஏறுவதால் கரைசலின் அடர்த்தி முட்டையுடையதைத் தாண்டிவிடுகிறது.

வெறும் தண்ணீரிலேயே பதர் மிதக்குமே, உப்பு எதற்கு? பதரில் உமியும் காற்றும்தான், அது எதிலும் மிதக்கும். சிக்கல் கருக்காயில். பால் பாதி பிடித்து நின்றுபோன மணி அது. உமிக்குள் கொஞ்சம் அரிசி, மீதி காற்று. வெறும் தண்ணீரில் இதில் பலவும் நல்ல விதையோடு சேர்ந்து மூழ்கிவிடும். மூழ்குவதையும் மிதப்பதையும் பிரிக்கும் அடர்த்தி எல்லையை உப்பு 1-லிருந்து சுமார் 1.09-க்கு உயர்த்துகிறது, கருக்காய் மேலே வந்துவிடுகிறது.

முட்டை புதிதாக இருக்க வேண்டும் என்பதும் சும்மா இல்லை. ஓட்டின் நுண்துளை வழியே நாளுக்கு நாள் ஈரம் வெளியேறி, உள்ளே காற்று சேரும். ஓடு சுருங்காது, எடை மட்டும் குறையும். பழைய முட்டை கொஞ்சம் உப்புக்கே எழும்பிவிடும். அதை நம்பினால் கருக்காயும் விதையோடு போய் நாற்றங்காலில் விழும். பிரித்த விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அதில் மிதக்கவிடும் கருவியான பால்மானியும் இந்த முட்டை மாதிரிதான். பாலின் அடர்த்தி சுமார் 1.03. தண்ணீர் கலந்தால் அது இறங்கும், பால்மானி இன்னும் ஆழமாக அமிழும். ஆனால் அதை ஏமாற்றவும் வழி இருக்கிறது. பால்கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் பால்மானி பழைய இடத்திலேயே நிற்கும். பால் கொள்முதலில் கொழுப்பைத் தனியாக அளப்பது இதனால்தான்.